நள்ளிரவுக்குப் பின் கேட்கும் குடம்

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டார எல்லைக் கிராமங்களில் 'கிளப்' என்பது மதுவும் நடனமும் கூடிய நகரத்து இரவு விடுதியைக் குறிப்பதில்லை. அது ஊர் இளைஞர்களின் கலை விளையாட்டுச் சங்கம். ஒரு கேரம் பலகை, சில நாளிதழ்கள், ஒரு பெயர்ப்பலகை. ஆயினும் கோயில் கொடை வந்துவிட்டால், இரவு விடுதிக்குரிய தொழில்நுட்பத் தொல்லைகள் அனைத்தும் அதன் தலையில் விழுகின்றன. வில்லுப்பாட்டை இணையத்தில் நேரலையாக அனுப்பும் பொறுப்பு இப்போது அதனுடையது.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பாட்டு அந்தக் கோட்டைப் பொருட்படுத்தவில்லை. தெற்கே வில்லுப்பாட்டு, வடக்கே வில்லடிச்சான் பாட்டு, வில் ஒன்றே. அலைபேசியோ கோட்டைப் பொருட்படுத்துகிறது. கேரளமும் தமிழ்நாடும் தொலைத்தொடர்பில் தனித்தனி வட்டங்கள். களியக்காவிளையை ஒட்டிய ஊர்களில் அலைபேசி இருபுறத்துக் கோபுரங்களுக்கிடையே தாவும் கணத்தில் நேரலை அறுந்துபோகக்கூடும்.

மேடைக்குப் பின்னால் மடிக்கணினியுடன் அமர்ந்திருக்கும் இளைஞரின் இரவு இப்படித்தான் தொடங்குகிறது. நொடிக்கு 2.5 மெகாபிட் வீதம் படம் அனுப்பினால் மணிக்கு ஏறத்தாழ 1.1 ஜிபி செலவாகும். நாளொன்றுக்கு 2 ஜிபி தரும் திட்டம் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். பிறகு வேகம் 64 கிலோபிட்டாகச் சுருங்கும். கூட்டம் பெருகப் பெருக, அதே கோபுரத்தை ஆயிரம் அலைபேசிகள் பங்கிட்டுக்கொள்ளும். இடைவேளையில் மைக்செட்காரர் ஒரு திரைப்பாடலைப் போட்டால், யூடியூபின் பதிப்புரிமைச் சோதனை நேரலையையே நிறுத்திவிடலாம்.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் தொல்லைகள். தெரியாத தொல்லை ஒன்றை வளைகுடாவிலிருந்து வந்த தொலைபேசி அழைப்பு உணர்த்தியது: "மக்களே, பாட்டு கேக்குது, குடத்துச் சத்தம் மட்டும் கேக்கல்லியே."

காரணம் எளியது. பேச்சைத் தெளிவாக்குவதற்காக அலைபேசியில் அமைந்த இரைச்சல் நீக்கி, மனிதக் குரலைக் காத்து மற்றவற்றைத் தணிக்கிறது. அதன் கணக்கில் குடமும் உடுக்கையும் வில்மணிகளும் இரைச்சல். பெண்களின் குலவையும் இரைச்சல். சத்தம் ஏறினால் தானே தாழ்த்தும் ஒலியளவுக் கட்டுப்பாடோ, சாமியாட்டத்துக்கான உச்சத்தை மட்டமாக்கிவிடுகிறது. மிக்சரிலிருந்து நேரடியாகக் கம்பி இழுத்தபோது குடம் திரும்பியது. கூடவே ஜெனரேட்டரின் 50 ஹெர்ட்ஸ் உறுமலும் வந்தது. இடையே ஒரு தனிமைப்படுத்தும் மின்மாற்றியை வைத்த பின்னரே அது அடங்கியது.

இந்தியாவின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்வு தரலாம். எனவே பன்னிரண்டு மணிக்கு ஒலிபெருக்கி அடங்குகிறது. துபாயில் அப்போது இரவு பத்தரை. வேலை முடித்து அறைக்குத் திரும்பியவர்கள் அலைபேசியைத் திறக்கும் நேரம். அடுத்த தெருவுக்குக் கேட்காத பாட்டு கடலுக்கு அப்பால் கேட்கிறது. பாடுகிறவர் எதிரே காலி நாற்காலிகளைக் காண்கிறார். கேட்கிறவரின் குலவையோ அவரை அடைவதேயில்லை.

வில்லுப்பாட்டை ஏட்டுப் பாடமாக அன்றி நிகழ்த்துதலாக ஆராய்ந்து ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988இல் நூல் வெளியிட்டார். வருங்கால ஆய்வு மாணவர் பலருக்குக் கிடைக்கப்போவது இந்த நேரலைப் பதிவுகளே. குடம் ஒலிக்காத பதிவைக் கேட்பவர், அந்த ஊரில் குடமே இல்லை என்று எழுதிவிடக்கூடும். உச்சம் மட்டமாக்கப்பட்ட பதிவைக் கேட்பவர், அங்கே சாமி வரவில்லை என்று முடிவு செய்யக்கூடும்.

ஆகவே மிக்சரோடு இணைத்த தனி ஒலிப்பதிவுக் கருவி ஒன்றும், நேரலை எப்போது அறுந்தது, எந்த வடிகட்டி இயங்கியது என்று குறித்துவைக்கும் ஒரு நோட்டுப் புத்தகமும் கிளப்புக்குத் தேவை. செலவு பெரிதன்று. விடியலில் கம்பிகளைச் சுருட்டும் அந்த இளைஞரை ஊர் இன்னும் மைக்செட்காரரின் உதவியாளராகவே காண்கிறது. அந்த இரவின் ஆவணக் காப்பாளரும் அவரே.