ஆலாவும் கொழுந்துக் கூடையும்

எனது ஊர் மன்னார், பேசாலை. கடலைத் தவிர வேறொன்றும் அதிகம் அறியாத நான், 2023 ஏப்ரலில் மகளையும் கூட்டிக்கொண்டு பதுளைக்குப் போனேன். என் கணவரின் குடும்பம் அங்குள்ள தோட்டமொன்றிலிருந்து 1977 கலவரத்தின் பின் வன்னிக்கு வந்தது. அவர் 2009இல் காணாமற்போனார். அவருடைய சின்னம்மா மட்டும் தோட்டத்திலேயே தங்கிவிட்டார். "கண்ண மூடுறதுக்குள்ள பேத்திய காட்டிட்டுப் போம்மா" என்று தொலைபேசியில் அழுதார்.

தெமோதரையில் ரயில் மலையை ஒரு சுற்றுச் சுற்றி, தான் நின்ற நிலையத்துக்குக் கீழேயே சுரங்கத்தில் நுழைகிறது. மகள் கைதட்டிச் சிரித்தாள். எனக்குத் தலை சுற்றியது.

சின்னம்மாவின் லயத்து இஸ்தோப்பு முகட்டில் தகைவிலான் குருவியின் மண் கூடு இருந்தது. நாலு குஞ்சுகள். தாயும் தகப்பனும் மாறி மாறித் தேயிலை மலைக்குப் பறந்து, பூச்சியோடு வந்தன. மகள் எண்ணினாள்: அரை மணித்தியாலத்தில் பதினொரு தடவை.

எங்கள் தீடைகளில் முட்டையிடும் ஆலாக்களும் இப்படித்தான். குஞ்சு இருக்கும் காலத்தில் நினைத்த இடத்துக்கெல்லாம் இரை தேடிப் போக முடியாது. திரும்பி வரக்கூடிய தூரந்தான் அவற்றின் கடல். இப்போது பறவையின் முதுகில், அதன் எடைக்கு ஏற்ற சிறு கருவியைப் பூட்டி, போகுமிடத்தை அறிகிறார்கள். கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் மன்னாரில் அப்படிப் பூட்டிய 'மேகா' என்ற கடற்காகம், இனம்பெருக்க ரஷ்யாவின் வடதுருவக் கரைக்கே போய்த் திரும்பியது. மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

மறுநாள் பக்கத்துக் காம்பிராப் பெண்ணைப் பார்த்தேன். கைக்குழந்தைக்காரி. பகலில் நிறுவை முடிந்ததும் படங்கைக்கூட அவிழ்க்காமல் பிள்ளைக்காம்பிராவுக்கு ஓடினாள், பால் கொடுக்க.

"கிட்டத்து மலைன்னா ஓடியாந்துருவேன் அக்கா. தூரத்து மலைல பேர் போட்டா, நெஞ்சு கட்டிக்கிட்டு வலிக்கும். புள்ள அழுதுகிட்டே கெடக்கும்."

அவள் மலையேறிப் போன பிறகும் நான் அங்கேயே நின்றேன். 2012இல் ஆறு வயது மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு நான் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவள். இரண்டு வருடம். அல்பட்ரோஸ் என்றொரு பெரிய கடற்பறவை உண்டு. 1989இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் குரோசே தீவுகளில் அதைச் செய்மதி மூலம் தொடர்ந்தபோது, ஒரே பயணத்தில் 15,000 கிலோமீற்றர்வரை சென்று இரை தேடியது தெரிந்தது. ஆனால் அதற்குக் கூட்டில் உட்கார ஒரு இணை இருந்தது.

இதை மகளிடம் நான் சொல்லவில்லை. அவளாகவே இரவு கேட்டாள்: "அம்மா, நீங்க குவைத்தில இருக்கேக்க என்னை நினைச்சு அழுதனீங்களோ?"

"சமையலறையில. வெங்காயம் வெட்டேக்க" என்றேன். இருவரும் சிரித்தோம். சின்னம்மா இருட்டில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

புறப்படும் நாளில் அவர் ஒரு பை தேயிலைத்தூள் தந்தார். நான் பேசாலைக் கருவாடு அனுப்புவதாகச் சொன்னேன். மூத்த குஞ்சு ஒன்று கூட்டின் விளிம்பில் இறகை உதறிக்கொண்டிருந்தது. அது பறப்பதைப் பார்க்காமல் வரமாட்டேன் என்று மகள் அடம்பிடித்ததில், காலை பஸ்ஸை விட்டுவிட்டோம்.