பனி பெய்யாத ஊரிலிருந்து ஒரு பனிச்சறுக்கு ஆசை!

அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருக்கலாம். உடம்போடு ஒட்டிய உடை, கையில் இரண்டு நீளக் குச்சிகள், காலில் ஆளுயர நீளத்துக்கு இரண்டு ஸ்கீ பட்டைகள். ஆனால், ஆளுக்கு பனியில் நேராக நிற்கவே வரவில்லை. இரண்டு அடி நகர்கிறார், தடுமாறுகிறார், விழுகிறார், எழுகிறார். 2017-ல் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் அது வந்தது. சித்தப்பா நான்கு சிரிப்பு எமோஜி போட்டிருந்தார். அந்த ஆள் யார், எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை.

அவர் பெயர் அட்ரியான் சொலானோ. வெனிசுலா நாட்டுக்காரர். நம் ஊரைப் போலவே வெயில் காயும் நாடு. ரோலர் ஸ்கீ என்று ஒன்று இருக்கிறது. குட்டையான பட்டையின் முன்னும் பின்னும் சக்கரம் இருக்கும். பனி இல்லாத கோடையில் நார்வே வீரர்களே அதில்தான் தார் ரோட்டில் பயிற்சி எடுப்பார்கள். சொலானோவும் அதில்தான் கற்றுக்கொண்டார். ஸ்வீடனில் பயிற்சி எடுக்க 2017 ஜனவரியில் கிளம்பியவரை பாரிஸ் விமான நிலையத்தில் நிறுத்தினார்கள். வெனிசுலாக்காரர் பனிச்சறுக்குப் போட்டிக்குப் போகிறார் என்பதை அதிகாரிகள் நம்பவில்லை என்பது அவர் சொன்னது. திருப்பி அனுப்பிவிட்டார்கள். செய்தி பரவியதும் ஃபின்லாந்து மக்கள் பணம் சேர்த்து அவரை வரவழைத்தார்கள். அப்படித்தான் பிப்ரவரி மாதம் லாட்டி நகரில் நடந்த நார்டிக் உலக சாம்பியன்ஷிப்புக்கு அவர் வந்து சேர்ந்தார். வாழ்க்கையில் முதன்முதலாகப் பனியில் காலை வைத்ததே அங்கேதான்.

முதல் போட்டி 10 கிலோமீட்டர் தகுதிச் சுற்று. பாதி தூரம்கூட முடியாமல் நின்றுவிட்டார். மறுநாள் ஸ்பிரின்ட். அதை முடித்தார், கடைசி ஆளாக. 'உலகின் மிக மோசமான ஸ்கீ வீரர்' என்று தலைப்புகள் வந்தன. டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பவள் என்பதால், அப்படிப்பட்ட தலைப்புக்கு எத்தனை கிளிக் விழும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொல்கிறேன், அது சோம்பேறித்தனமான தலைப்பு. உலகத்தில் ஸ்கீ போடத் தெரியாதவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறோம். அவர் அந்தப் போட்டியை முடித்தவர்.

இத்தனை வருடம் கழித்து சொலானோவை நான் தேடிப் பிடித்ததற்குக் காரணம் என் தம்பி. எங்கள் ஊர் விருத்தாசலம். செராமிக் ஊர். அப்பாவுக்கு ஒரு சின்ன யூனிட் இருக்கிறது. அச்சில் ஊற்றி பொம்மை செய்வார், ஃபியூஸ் கேரியர் செய்வார், சீசனில் அகல் விளக்கு. சூளைக்குள் 1,200 டிகிரி, மே மாதம் வெளியில் 40 டிகிரி. இதற்கு நடுவில் வளர்ந்த தம்பிக்கு, எங்கிருந்தோ ஸ்கேட்டிங் பித்து. பழைய இன்லைன் ஸ்கேட் ஒன்றை வாங்கிவைத்துக்கொண்டு, ஞாயிறு விடிகாலையில் நெய்வேலி டவுன்ஷிப் போய் அங்குள்ள அகலமான சாலைகளில் சுற்றுவான். இப்போது அவனுக்கு குல்மார்க் போய் ஸ்கீ கோர்ஸ் படிக்க வேண்டும். சேர்த்துவைத்த பணம் முழுக்க அதற்குத்தான் என்கிறான்.

வீட்டில் நடந்தது சண்டை என்று சொல்ல முடியாது. அப்பா சத்தம் போடுகிறவர் இல்லை. "அந்தப் போட்டி எப்பிடி நடக்கும்னு நீ சொல்லும்மா" என்று என்னிடம் கேட்டார். படித்த அக்கா சொல்லி தம்பியை நிறுத்திவிடுவாள் என்ற நம்பிக்கை. நானும் உட்கார்ந்து சொன்னேன்.

ஸ்பிரின்ட் என்றால் ஓட்டப்பந்தயத்து 100 மீட்டர் மாதிரி கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவதில்லை. ஒரு கிலோமீட்டருக்கு மேல், இரண்டு கிலோமீட்டருக்குள். ஏற்றம் உண்டு, இறக்கம் உண்டு, வளைவு உண்டு. பெரிய வீரர்களுக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம். முதலில் தகுதிச் சுற்று: 15 விநாடிக்கு ஒருவராகக் கிளம்புவார்கள், கடிகாரம்தான் எதிரி. அதில் முதல் 30 பேருக்கு மட்டும் அடுத்த சுற்று. பிறகு ஆறு ஆறு பேராக ஐந்து காலிறுதிகள். இப்போது பக்கத்தில் ஆள் இருப்பார். முழங்கை இடிக்கும், குச்சி உடையும், ஒருவர் விழுந்தால் பின்னால் வருபவர் மேல் விழுவார். ஒவ்வொன்றிலும் முதல் இருவர் நேராக அரையிறுதிக்கு. மீதமிருக்கும் இரண்டு இடம், தோற்றவர்களில் நல்ல நேரம் எடுத்தவர்களுக்கு. இவர்களை 'லக்கி லூசர்' என்பார்கள். அரையிறுதியிலும் இதே கணக்கு. கடைசியில் ஆறு பேர் ஃபைனல். தகுதிச் சுற்றையும் சேர்த்தால், ஜெயிப்பவர் ஒரே நாளில் நான்கு முறை அந்தத் தடத்தில் உயிரைக் கொடுத்து ஓட வேண்டும்.

"தோத்தவனையும் டைம் பாத்து எடுத்துக்கிறாங்களா? நல்ல ரூலா இருக்கே" என்றார் அப்பா.

லாட்டியில் அன்று தங்கம் வாங்கியவர் இத்தாலியின் ஃபெடரிகோ பெல்லெக்ரினோ. வெண்கலம் வாங்கியது 20 வயது நார்வே பையன், யோஹான்னஸ் க்ளேபோ. அந்தப் பையன்தான் பிறகு 2019, 2021, 2023, 2025 என்று தொடர்ந்து நான்கு உலக சாம்பியன்ஷிப்களில் ஸ்பிரின்ட் தங்கத்தை அள்ளியவர். 2025-ல் தன் சொந்த ஊரான ட்ரொண்டைமில் ஆறு போட்டிகளில் இறங்கி ஆறிலும் தங்கம். ஏற்றத்தில் மற்றவர்கள் மூச்சு வாங்கும்போது இவர் மட்டும் ஏதோ மாடிப்படி ஏறுவதுபோல ஓடுவார். யூடியூபில் பாருங்கள். அந்த க்ளேபோவின் பெயரும் சொலானோவின் பெயரும் ஒரே முடிவுப் பட்டியலில் இருக்கின்றன. ஒன்று மேலே, ஒன்று அடியில்.

அப்பா நேராக விஷயத்துக்கு வந்தார். "இவன் அந்த முப்பதுல வருவானா?"

"வர மாட்டான்ப்பா."

தம்பி என்னை முறைத்தான். அதற்காகப் பொய் சொல்ல முடியுமா? நார்வேயில் குழந்தைகள் நடக்கப் பழகும்போதே ஸ்கீயில் நிற்கிறார்கள்.

ஆனால், நான் அங்கே நிறுத்தவில்லை. ஜெகதீஷ் சிங்கைப் பற்றிச் சொன்னேன். இந்திய ராணுவ வீரர். குல்மார்க்கில் ராணுவத்தின் உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளி இருக்கிறது, அங்கே தேறியவர். 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் 15 கிலோமீட்டர் போட்டியில் 103-வது இடம். ஜெயித்த ஸ்விட்சர்லாந்தின் டாரியோ கொலோனாவைவிட ஒன்பது நிமிடத்துக்கும் மேல் பின்தங்கி வந்தார். நம் பத்திரிகைகளில் அது ஒற்றைப் பத்தி.

அதே போட்டியில்தான் டோங்கா தீவின் பீட்டா டவுஃபாடோஃபுவா 114-வதாக வந்தார். தொடக்க விழாவில் அந்தக் குளிரில் சட்டையில்லாமல் உடம்பு முழுக்க எண்ணெய் பூசிக்கொண்டு கொடி பிடித்தாரே, அவர்தான். கடைசியாக, 116-வதாக வந்தவர் மெக்ஸிகோவின் ஜெர்மன் மத்ராசோ. வயது 43. ஸ்கீயைத் தொட்டு ஏறக்குறைய ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. மெக்ஸிகோ கொடியைப் பிடித்தபடி எல்லையைக் கடந்தவரை, அவருக்குச் சற்று முன்னால் வந்தவர்கள் தோளில் தூக்கிக்கொண்டார்கள். தங்கம் வாங்கிய கொலோனா, அதுவரை காத்திருந்து வந்து கைகொடுத்தார்.  அவரவர் கிளம்பும் நேரம் வேறு. ஆனாலும் அந்தக் குளிரில் நின்றார் என்பது பெரிய விஷயம்தானே.

'தகுதியே இல்லாதவர்களை எதற்கு உள்ளே விட வேண்டும்' என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1988 கால்கரி ஒலிம்பிக்கில் பிரிட்டனின் எடி எட்வர்ட்ஸ் ஸ்கீ ஜம்பிங்கில் கடைசியாக வந்து, தங்கம் வாங்கியவர்களைவிடப் புகழ்பெற்றுவிட்டார். உடனே விதிகளை இறுக்கினார்கள். ஸ்கீ ஜம்பிங்கில் தவறினால் எலும்பு நொறுங்கும், அங்கே கட்டுப்பாடு சரி. ஸ்பிரின்ட் தகுதிச் சுற்றில் ஓர் ஆளுக்கு ஆகும் செலவு 15 விநாடி. வெயில் நாட்டுக்காரருக்கு அந்த 15 விநாடியைக் கொடுத்தால் க்ளேபோவுக்கு என்ன குறைந்துவிடப் போகிறது?

தெற்கத்தி ஆள் யாராவது உண்டா என்று அம்மா கேட்டார். உண்டு. காவிரி பிறக்கும் குடகு மாவட்டத்தின் பவானி தெக்கடா நஞ்சுண்டா. காபித் தோட்டத்து ஊர், அங்கும் பனிப்பொழிவு கிடையாது. அவர் 2025-ல் சிலி நாட்டில் நடந்த சர்வதேசப் போட்டியில் 5 கிலோமீட்டரில் வெண்கலம் வாங்கினார். இதைச் சொன்னபோது மட்டும் அம்மா மிக்ஸியை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

தம்பி சும்மா ஆசைப்படவில்லை என்பதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. ஸ்பிரின்ட்டில் இரண்டு முறைகள். ஒன்று கிளாசிக், வெட்டிவைத்த இரண்டு தடத்துக்குள் நேராகக் கால் வைத்துப் போவது. இன்னொன்று ஃப்ரீஸ்டைல், காலைப் பக்கவாட்டில் உதைத்து உதைத்துப் போவது, இதை ஸ்கேட்டிங் என்றே சொல்கிறார்கள். நெய்வேலி ரோட்டில் அவன் உதைக்கும் அதே உதைதான். ஃபோனில் க்ளேபோவை ஸ்லோ மோஷனில் ஓடவிட்டு, "இங்க பாருக்கா, வெயிட்டை மாத்துறதைப் பாரு" என்று காட்டினான். எனக்குப் பெரிதாக ஒன்றும் புரியவில்லை. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை பார்த்தார். அச்சில் வார்த்த பொம்மையை வெளியே எடுத்ததும் எங்கே விரிசல் என்று திருப்பிப் பார்ப்பாரே, அதே பார்வை.

"எத்தனை நாள் கோர்ஸ்?"

"ரெண்டு வாரம்ப்பா. பனி நல்லா இருக்கிறது ஜனவரி, பிப்ரவரிதான்."

கொலுவும் கார்த்திகையும்தான் எங்கள் வீட்டின் சம்பாத்தியக் காலம். அப்போது ஓர் ஆள் குறைந்தாலும் யூனிட் திணறும். அப்பா மனதுக்குள் அதைத்தான் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

"தை, மாசியில நமக்கு ஆர்டர் கம்மிதான்" என்றார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எழுந்து சூளையைப் பார்க்கப் போய்விட்டார்.

நேற்று அம்மா என்னிடம் போனில், சென்னையில் தெர்மல் உடை என்ன விலை என்று கேட்டார். தம்பிக்குத் தெரிய வேண்டாமாம்.