முதலெழுத்தில் ஒளிந்த தந்தையர்

பங்குப் பள்ளி ஒன்றின் வரலாற்றை எழுதும் பொருட்டு, கொள்ளிடக் கரையை அடுத்த சிற்றூரில் பழைய சேர்க்கைப் பதிவேடுகளைப் புரட்டினோம். பள்ளி இருந்த இடத்திலேயே இருக்க, மாவட்டம் மட்டும் திருச்சிராப்பள்ளி, 1995இல் பெரம்பலூர், 2007 முதல் அரியலூர் என மாறிக்கொண்டே வந்துள்ளது. கட்டடம் எழுந்த ஆண்டைத் தேடிச் சென்ற நம்மைப் பெயர்களே பிடித்து நிறுத்தின.

சூசை, சந்தியாகு, சவரிமுத்து ஆகியவை போர்த்துக்கீசியர் நாவழி வந்தவை. சின்னப்பன் அப்படியன்று, பவுல் என்னும் இலத்தீன் பெயரின் பொருளாகிய 'சிறியவர்' என்பதே தமிழுடை பூண்டது. யோவான் அருளப்பரானதும், பெனடிக்ட் ஆசீர்வாதமானதும் இவ்வாறே. 1995இல் வெளியான திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் பவுலும் யோவானும் குடியேறிவிட்டனர். சின்னப்பருக்கு இனி நம் வீட்டுத் திண்ணைகளே புகலிடம். வீரமாமுனிவர் தேம்பாவணியில் 'வளன்' என்று அழகுறப் பெயர்த்தும், ஊரார் சூசையை விட்டாரில்லை! அம்முனிவர் 1680இல் பிறந்த காஸ்தில்யோனே நகரிலேதான் 1568இல் ஞானப்பிரகாசியாரும் பிறந்தார். அவர் பெயர் தாங்கிய ஞானப்பிரகாசங்களும், ஏலாக்குறிச்சி அடைக்கல அன்னையின் பெயர் தாங்கிய அடைக்கலங்களும் பதிவேட்டில் அடுத்தடுத்து அமர்ந்துள்ளனர்.

ஆயினும் குடிவழி அறிவது எளிதன்று. அயர்லாந்துக் கடலிலுள்ள மேன் தீவில் 'மாக்' என்றால் மகன். மாக் வில்லியம் என்பது 'குவில்லியம்' எனச் சுருங்கினும், குடும்பப் பெயராகத் தலைமுறைதோறும் தொடர்கிறது. நம்மிடமோ தந்தை ஓரெழுத்தில் ஒளிந்து, பேரன் காலத்தில் மறைந்தே போகிறார். ச. அருளப்பனின் மகன் அ. சூசை, சவரிமுத்து எங்கே? ஆலயத்துத் திருமுழுக்குப் பதிவேட்டை அருகில் வைத்தால்தான் அவர் அகப்படுவார்.

அவ்வாறு ஒப்பிட்டபோதுதான் நெஞ்சு கனத்தது. ஆலயத்தில் ஒரு பெயரும் பள்ளியில் வேறொரு பெயருமாகப் பிள்ளைகள் சிலர். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதியினர் என்னும் தகுதியை இந்துக்களுக்கு மட்டுமே உரியதாக்கிற்று. 1956இல் சீக்கியரும், 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர்; கிறிஸ்தவர் இன்றளவும் சேர்க்கப்படவில்லை. ஞானப்பெயரோடு பள்ளியில் சேர்ந்த தலித் பிள்ளை அவ்வுரிமையை இழக்கும். ஆகவே பெற்றோர் இரு பெயரிட்டனர். இதை வஞ்சகம் என்பாரும் உளர். சேரியில் பிறந்ததற்கான இழிவு திருமுழுக்கால் நீங்கவில்லை. உரிமை மட்டும் நீங்கியது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். ஆலயத்தினுள்ளும் கல்லறையிலும் தனியிடம் ஒதுக்கிய நாம் அப்பெற்றோரைப் பழிப்பது எங்ஙனம்?

பள்ளி மலரில் பழைய மாணவர் பட்டியல் முழுமையாக இடம்பெற வேண்டுமென அன்பர் பலர் கேட்டனர். ஞானப்பெயரை அச்சிட்டால் ஒருவரது சான்றிதழுக்கு ஊறு நேரலாம். பள்ளிப் பெயரை அச்சிட்டால் அவர்தம் தாய் அழைத்த பெயர் அழிந்துபோகும். 1950க்கு முற்பட்ட பெயர்களை மட்டும் அச்சுக்குக் கொடுத்தோம். எஞ்சிய பக்கங்களைப் பிரதி எடுக்காமல், பதிவேடுகளை அந்தந்தப் பேழைகளிலேயே திரும்ப வைத்துவிட்டு வந்தோம்.