நாற்பதைக் கடந்தவனுக்கு ஒரு பொம்மை விமானம்

பன்னிரண்டு வயதில் விட்டுப்போன பழக்கம் ஒன்றை நாற்பத்து நான்கில் மீண்டும் தொட்டிருக்கிறேன். பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி விமானம் செய்யும் பழக்கம் அது. "வாத்தியாருக்கு இந்த வயதில் விளையாட்டுச் சாமானா?" என்று தோட்டத்தில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். சென்ற ஆண்டு தாயார் காலமான பின், பள்ளி விட்டு வந்தால் மாலைப் பொழுது மலையாகக் கனத்தது. அந்தக் கனத்தை இறக்கி வைத்தது இந்த விளையாட்டுத்தான்.

இப்போது மேசை மேல் இருப்பது புரூஸ்டர் பஃபலோ. 1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கியபோது, சுங்கை பட்டாணியில் ஆஸ்திரேலிய விமானிகள் வைத்திருந்த போர் விமானம். ஒரு சிறகு நுனியிலிருந்து மறு நுனி வரை 35 அடி, அதாவது சுமார் 10.7 மீட்டர். 72-இல் ஒரு பங்காகச் சுருங்கி, என் கையில் 15 சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவாக இருக்கிறது.

இந்த வேலையில் அவசரம் ஆகாது. இதற்குரிய பசை பிளாஸ்டிக்கையே சற்று உருக்கி இணைக்கும். ஈரத்தில் விரல் பட்டால் ரேகை பதிந்துவிடும். விமானி அமரும் இடத்துக்கு முதலில் வண்ணம் பூசி, பிறகுதான் உடலின் இரு பாதிகளையும் மூட வேண்டும். பசை நெடிக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

விகிதக் கணக்கென்றாலே தலைகுனியும் மாணவன் ஒருவனிடம் இதையும் அடிக்கோலையும் கொடுத்தேன். அளந்தான், 72-ஆல் பெருக்கினான். "சார், நம்ம வகுப்பை விட நீளம் சார்!" என்றான்.

வாசகர்களே, வயதாகிவிட்டதென்று பரணில் போட்ட ஆசை உங்களுக்கும் இருக்கும். இறக்கித் தூசு தட்டிப் பாருங்கள். யாருக்காவது பயன்படும்.