கார்டு யாரிடம் இருக்கிறது?



பெங்களூரில் இருக்கும் தம்பி மகள் போன மாதம் மாதனூர் வந்தபோது ஓர் ஆங்கில நாவலைக் கொடுத்துவிட்டுப் போனாள். மார்கரெட் அட்வுட் எழுதிய 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்'. 1985இல் வந்தது. அமெரிக்காவில் ஒரு கூட்டம் ஆட்சியைப் பிடித்து, பெண்கள் படிக்கக் கூடாது, வேலைக்குப் போகக் கூடாது என்று சட்டம் போடுகிறது. கதாநாயகிக்குச் சொந்தப் பெயர்கூட இல்லை. எந்த எஜமான் வீட்டில் இருக்கிறாளோ அவன் பெயரை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். படித்து முடிக்க எனக்குப் பதினைந்து நாள் ஆனது. கண்ணாடி மாற்ற வேண்டும்.

என்னோடு வேலை பார்த்த சார் ஒருவரிடம் கதையைச் சொன்னேன். "ரொம்ப மிகை டீச்சர், இந்தக் காலத்துல எங்க நடக்கும்?" என்றார். உலகத்தில் எங்கும் நடக்காத எதையும் இதில் சேர்க்கவில்லை என்று அட்வுட்டே சொல்லியிருக்கிறார். சார் ஒப்புக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவிகள் மூவர் வந்தார்கள். மூவரும் ஷூ கம்பெனியில் வேலை. அவர்களுக்கும் சொன்னேன். படிக்கத் தடை என்றதும் உச்சுக்கொட்டினார்கள். ஒரே நாளில் எல்லாப் பெண்களின் கார்டும் செல்லாமல் போய், கணக்கில் இருந்த பணம் கணவன் கைக்குப் போகிறது என்றதும் மூவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

"இதுக்கு எதுக்கு டீச்சர் புது ஆட்சி? என் ஏடிஎம் கார்டு அவர்கிட்டதான் இருக்கு. பின் நம்பர் மாத்தினதுகூட எனக்குத் தெரியாது" என்றாள் ஒருத்தி. எட்டு வருஷமாகத் தையல் மெஷினில் உட்காருகிறவள். சம்பளம் ஏறிய மெசேஜும் அவர் போனுக்குத்தான் போகிறதாம்.

நம் தமிழிலேயே இருக்கிறது, சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' (2004). துவரங்குறிச்சிக்காரர். வயதுக்கு வந்ததும் பள்ளியை நிறுத்தி வீட்டுக்குள் வைக்கப்பட்டவர், ஒளிந்து ஒளிந்து எழுதினார். வீட்டு விஷயத்தை வெளியே சொல்லிவிட்டார் என்று கோபப்பட்டவர்கள் உண்டு. அது ஒரு மதத்தின் சங்கதி மட்டும் என்று நான் நினைக்கவில்லை. 'நீண்ட நாள் வராதவர்' என்று நான் பதிவேட்டில் எழுதிய பெண்களில் எல்லாத் தெருக்காரர்களும் இருந்தார்கள். சல்மா 2025இல் ராஜ்யசபா உறுப்பினரானார்.

கார்டு விஷயத்தை அவளைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். வீட்டில் தெரிந்துவிடுமே என்றேன். "தெரியட்டும் டீச்சர்" என்றாள். வரும் வாரம் லீவு போட்டு, பாஸ்புக்கும் ஆதாரும் எடுத்துக்கொண்டு செல் நம்பரை மாற்ற பாங்குக்குப் போகிறாள். துணைக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். மற்ற இருவரும் யோசிக்கிறார்கள்.

சல்மா புத்தகம் இப்போது அவர்களில் ஒருத்தியிடம் இருக்கிறது. அடுத்து வேண்டுபவர்கள் கீழே சொல்லுங்கள்.