மலைநாட்டு ஜீப்பும் எண்ணெய் ஒழுக்கும்

நான்கு சக்கரங்களுக்கும் இயக்கம் செல்லும் வண்டி எதுவாயினும், அதனைச் செய்த நிறுவனம் எதுவாயினும், கண்டிப் பகுதியிலே அது ஜீப் என்றே வழங்கும். இரவு நிறுத்திய ஜீப்பைக் காலையிலே எடுத்துச் சென்றபின் தரையிலே ஒரு கரிய பொட்டு எஞ்சியிருத்தல் இங்கு பழகிப்போன காட்சி. எண்ணெய் ஒழுகாத லான்ட் ரோவர் எண்ணெய் தீர்ந்துபோன லான்ட் ரோவராகத்தான் இருக்கும் என்ற வேடிக்கைப் பேச்சும் உலகெங்கும் உண்டு. பழக்கமும் வேடிக்கையும் சேர்ந்து அப்பொட்டினைப் பொருட்படுத்தத் தகாத ஒன்றாக ஆக்கிவிட்டன. ஆனால் அது உண்மையிலே பொருட்படுத்தத் தகாததுதானா என்பது சிந்திக்கத்தக்கது.

லான்ட் ரோவர் 1948 ஆம் ஆண்டு ஏப்ரலிலே ஆம்ஸ்டர்டாம் நகரக் கண்காட்சியில் முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் லூல்கந்துரையிலே தேயிலை பயிரிடத் தொடங்கியதிலிருந்து கண்டியைச் சூழ்ந்த மலைச்சரிவுகளிலே எழுந்த தோட்டங்களுக்கு, இத்தகைய வண்டி பெரிதும் ஏற்றதாயிருந்தது. செங்குத்தான ஏற்றம், கொண்டையூசி வளைவு, மழைக்காலச் சேறு ஆகிய மூன்றையும் தாங்கவல்ல வண்டி வேறு அதிகம் இருக்கவில்லை. அக்குடும்பத்தின் பழைய மரபில் வந்த டிபென்டர் வண்டியின் உற்பத்தி 2016 ஜனவரி 29 ஆம் திகதி இங்கிலாந்தின் சொலிஹல் தொழிற்சாலையிலே நிறைவெய்தியது. எனினும், கலஹா, தெல்தோட்டை, ரங்கல முதலிய ஊர்களின் பாதைகளிலே அதன் முன்னோர் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இவ்வண்டியிலே எஞ்சினிலிருந்து சக்கரம்வரை விசை செல்லும் வழி நீண்டது. கியர் பெட்டி, அதன் பின்னே விசையை முன்னும் பின்னும் பிரித்தனுப்பும் பெட்டி, முன் அச்சிலும் பின் அச்சிலும் ஒவ்வொரு டிபரன்சியல் என இவை யாவும் தத்தம் எண்ணெயிலே மூழ்கிச் சுழல்வன. சுழலும் தண்டு பெட்டியை விட்டு வெளிவரும் இடந்தோறும் ஒயில் சீல் எனப்படும் வளையம் ஒன்று உண்டு. அதன் மெல்லிய உதடு தண்டினைத் தழுவி நின்று எண்ணெயை உள்ளே தடுத்து வைக்கின்றது. வெப்பத்தினாலும் முதுமையினாலும் உதடு இறுகும். ஆண்டுக்கணக்காக உரசியமையால் தண்டிலும் ஒரு பள்ளக் கோடு விழும். பெயரிங் தளர்ந்தால் தண்டே ஆடும். இவற்றுள் எது நேர்ந்தாலும் ஒழுக்குத் தொடங்கிவிடும்.

பலர் அறியாத காரணம் ஒன்றும் உண்டு. அச்சின் மேலே மூச்சுத்துளை ஒன்று அமைந்துள்ளது. சேற்றினால் அது அடைபட்டால், மலையேறுகையில் சூடேறி விரியும் காற்று வெளியேற வழியின்றிச் சீலின் வழியே எண்ணெயைத் தள்ளும். அவ்வாறு சூடேறிய அச்சு ஓடைநீரிலே இறங்கித் திடீரெனக் குளிர்ந்தாலோ, உள்ளே காற்றுச் சுருங்கி நீரை இழுத்துக்கொள்ளும். பின்னர் எண்ணெய் பால் கலந்தாற்போல் வெளுத்துவிடும். அது பற்சக்கரத்தைக் காக்கும் ஆற்றலை இழந்த எண்ணெயாகும்.

தெல்தோட்டைப் பக்கத்திலே முதிய ஓட்டுநர் ஒருவர் உளர். பகலிலே மரக்கறி ஏற்றுவதும், இரவிலே நோயாளரைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்வதும் அவருடைய ஜீப்பின் தொழில். வாரம் அரைப் போத்தல் எண்ணெயை ஊற்றிவிட்டு அவர் நிம்மதியாக ஓட்டி வந்தார். ஒருநாள் லயத்தின் முன்னேயுள்ள சரிவிலே நோயாளி ஒருவரை ஏற்றுவதற்காக வண்டியை நிறுத்திக் கைப்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினார். வண்டி நிற்கவில்லை, மெல்லப் பின்னோக்கி உருளத் தொடங்கியது. அருகில் நின்ற சிறுவன் ஒருவன் சக்கரத்தின்கீழ் ஒரு கல்லை உருட்டிவிட்டமையால் பின்னே நின்றவர்கள் தப்பினர்.

மறுநாள் கட்டுகஸ்தோட்டைப் பக்கத்துக் கராஜிலே அவர் கேட்டார்: “நாளைக்கு மரக்கறி ஏத்தணும் பாஸ். ஊத்திக்கிட்டே ஓட்டினா என்ன?”

“ஊத்துற ஒயில் எங்க போகுதுன்னு ஒருநாளாவது குனிஞ்சு பாத்தீங்களாண்ணே? பிரேக்குக்குத்தான் போகுது.”

விடயம் இதுதான். பழைய லான்ட் ரோவரிலே கைப்பிரேக்கு சக்கரத்தில் இல்லை. விசையைப் பிரிக்கும் பெட்டியின் பின்புறத்திலே, வெளிவரும் தண்டின்மீது அமைந்துள்ளது. அவ்விடத்துச் சீல் ஒழுகினால் எண்ணெய் நேரே பிரேக்கின் டிரம்மினுள் சேரும். பின் அச்சின் முனையிலுள்ள சீல் பழுதாயின் கால்பிரேக்குக்கும் இக்கதியே நேரும். தரையிலே விழும் துளி கண்ணுக்குத் தெரிகின்றது. பிரேக்கினுள் சேரும் துளி தெரிவதில்லை.

மெக்கானிக் முதலிலே எந்தப் பாகத்தையும் கழற்றவில்லை. அடிப்புறம் முழுவதையும் கழுவி உலர்த்தி, சிறிது தூரம் ஓட்டிவந்து, பின்னர் கீழே படுத்துப் பார்த்தார். ஓடும் வண்டியிலே காற்று எண்ணெயைப் பின்னோக்கிப் பரப்புமாதலின், ஈரம் தொடங்கும் உயர்ந்த, முன்னுள்ள இடமே ஒழுக்கின் பிறப்பிடம். நிறமும் மணமும் துணைசெய்யும்: எஞ்சின் எண்ணெய் கறுத்திருக்கும், கியர் எண்ணெயிலே கந்தக நாற்றம் வீசும், தானியங்கிக் கியர் கொண்ட புதிய ஜீப்புகளிலே அது பெரும்பாலும் சிவந்திருக்கும். தண்டிலே பள்ளம் விழுந்திருந்தமையால், அதன்மேல் மெல்லிய உருக்கு உறை ஒன்றைச் செருகிப் புதிய சீலைப் பொருத்தினார். எண்ணெயிலே ஊறிய பிரேக் லைனிங்கைக் கழுவிப் பயனில்லை ஆதலின் அதனையும் மாற்றினார். மூச்சுத்துளையைத் துப்புரவாக்கினார். இறுதியில் வண்டியைச் சமதரையிலே நிறுத்தி, பெட்டியின் பக்கவாட்டுத் துளையின் விளிம்புவரை எண்ணெயை நிரப்பினார். அளவுக்கு மிஞ்சி நிரப்புவதும் ஒழுக்கை வளர்க்கும் என்பதை அவர் மறக்கவில்லை.

ஊற்றி ஓட்டுபவரை அறியாதவர் என இகழ்தல் முறையன்று. சீலின் விலை சிறிது. அதனை அடைவதற்காகக் கழற்றவேண்டிய பாகங்களோ பல. ஒருநாள் வண்டி நின்றால் ஒருநாள் வருமானம் நிற்கும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 இல் அந்நியச் செலாவணி வற்றியது. 2025 இன் தொடக்கத்திலேதான் தனியார் வாகனங்களுக்கு வழி மீண்டும் திறந்தது. அவ்வாண்டுகளிலே பழைய வண்டியைக் காப்பாற்றுவதையன்றி வேறு வழி பலருக்கு இருக்கவில்லை. இறப்பர் விளையும் நாட்டிலே சீலுக்கு அந்நியப் பொருளை நாடவேண்டியிருப்பதும் நோக்கத்தக்கது. இயற்கை இறப்பர் கனிய எண்ணெயிலே ஊதிக் கெடுமாதலின், சீல்கள் பெரும்பாலும் நைட்ரைல் போன்ற செயற்கை இறப்பரினாலேயே செய்யப்படுகின்றன.

ஒழுகிய எண்ணெய் தரையோடு நின்றுவிடுவதுமில்லை. மழை அதனைக் கானுக்குள் சேர்க்கும். நகரத்துக் கான்களின் நீர் மெத எலவிலே விழ, அவ்வெல மகாவலியிலே கலக்கும். கண்டி மாநகரம் தன் குடிநீருக்கு நாடுவதும் அம்மகாவலியையே.

எண்ணெயை ஊற்றுபவர் பலர். ஒழுக்கின் ஊற்றைத் தேடுபவர் சிலர். தெல்தோட்டை ஓட்டுநர் இப்பொழுது அச்சிலரைச் சேர்ந்தவர். வண்டி நின்ற இடத்திலே ஒரு பழைய அட்டையை விரித்துவைத்துக் காலைதோறும் அதனைப் பார்க்கின்றார். பொட்டு விழுந்திருந்தால், அது வண்டியின் எந்தப் பகுதிக்கு நேர்கீழே விழுந்துள்ளது என்பதை அறிந்த பின்னரே வண்டியை எடுக்கின்றார். சரிவிலே நிறுத்தும்போது கைப்பிரேக்கை இழுப்பதோடு, சக்கரத்தின் பின்னே ஒரு கல்லையும் வைக்கின்றார்.