இரண்டு செவிடர்கள்

செவிடன் காதில் ஊதிய சங்கு என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. அந்தச் சங்கை ஊதுகிறவனுடைய வீண் பிரயாசையை நினைத்து எல்லோரும் இரங்கியிருக்கிறார்களே தவிர, செவிடனுடைய கட்சியை எடுத்துப் பேசியவர்கள் யாரையும் நான் அறியேன். எனக்கு இரண்டு தரப்பிலும் அனுபவம் ஏற்பட்டிருக்கிறபடியால் சில வார்த்தைகள் சொல்லலாமென்று உத்தேசம்.

நான் 34 வருஷம் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் போதித்தவன். "காதைத் தீட்டிக்கொண்டு கேள்!" என்று எத்தனை பிள்ளைகளை அதட்டியிருப்பேனோ, கணக்கில்லை. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற இரண்டாம் வருஷம் என் காது மந்தப்படத் தொடங்கியது. அதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. எதிரில் இருப்பவர் சிரித்தால் நானும் சிரிப்பேன். அவர் முகத்தைச் சுளித்தால் "அடடா!" என்பேன். இந்த இரண்டு உபாயங்களை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் உலகத்தில் எவ்வளவு காலம் தள்ள முடியும் என்பது ஆச்சரியமான விஷயம்.

என் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்தில், வைத்தியநாத சுவாமி கோயிலுக்குச் சமீபத்தில் இருக்கிறது. ஆண்டாள் கோயிலின் பதினொரு நிலைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, பால்கோவாவும் வாங்கிக்கொண்டு ரயிலேறிவிடுகிற யாத்ரீகர்களில் அநேகர் இந்தப் பக்கம் வருவதில்லை. இங்கே எழுந்தருளியிருப்பவர் வைத்தியர். திருமலை நாயக்கருக்கு உண்டான தீராத நோயை இவரே தீர்த்ததாக ஸ்தல புராணம் கூறுகிறது. அப்பேர்ப்பட்ட வைத்தியரின் வாசலில் குடியிருந்துகொண்டு வியாதியை மறைத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மனைவி காலமான பிறகு மறைப்பது இன்னும் சுலபமாகிவிட்டது. பெண் பெங்களூரில் இருக்கிறாள். அவள் டெலிபோனில் பேசினால், "எல்லாம் சௌக்கியம், நீ வேலையைப் பார் அம்மா" என்று சொல்லி நானே முடித்துவிடுவேன்.

நாலு வருஷத்துக்கு முன் ஆனி மாதத்தில் ராஜபாளையத்தில் ஒரு கல்யாணம். பந்திக்குக் காத்திருக்கையில் சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவர் மரியாதையாய் என் பக்கம் சாய்ந்து ஏதோ கேட்டார். "பேருக்கு இருப்பீர்களா?" என்று என் காதில் விழுந்தது. எனக்கு ரோசம் வந்துவிட்டது. "பேருக்கு ஏன் ஐயா இருக்க வேண்டும்? மனசார வந்திருக்கிறேன். சாப்பிட்டுவிட்டுத்தான் போவேன்!" என்றேன். சுற்றியிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். பாவம், அவர் கேட்டது அடுத்த மாதம் எங்களூரில் நடக்க இருந்த ஆடிப்பூரத் தேரைப் பற்றி: "தேருக்கு இருப்பீர்களா?"

சாப்பிடாமலே பஸ்ஸேறினேன். இனி எந்த விசேஷத்துக்கும் போவதில்லை என்று பஸ்ஸில் உட்கார்ந்து தீர்மானம் நிறைவேற்றிக்கொண்டேன்.

மடவார் வளாகத் திருப்பத்தில் இறங்கினபோது, சாலை நடுவில் வெள்ளையாய் ஒரு நாய்க்குட்டி உட்கார்ந்திருந்தது. பின்னால் ஒரு லாரி, பிராணன் போவதுபோல் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. அந்த ஹாரன் எனக்கே கேட்டது. குட்டி மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. மிக நிதானமாக ஓர் ஈயை ஆராய்ந்துகொண்டிருந்தது. லாரிக்காரர் என்னைப் பார்த்துக் கையை ஆட்டி என்னவோ திட்டினார். நாய் என்னுடையதென்று நினைத்திருக்க வேண்டும். வேறு வழியில்லாமல் போய்த் தூக்கினேன். அன்று முதல் அது என்னுடையதாகிவிட்டது.

டீக்கடைக்காரர் குட்டியின் முகவாயைத் தூக்கிப் பார்த்தார். கடை அருகில் இருந்தபடியாலும் அவர் உரக்கப் பேசும் சுபாவமுள்ளவராகையாலும் அவர் பேச்சு எனக்குப் புரியும். "வாத்தியாரையா, இது ராஜபாளையத்து ஜாதி. மூக்கைப் பாருங்க, ரோசாப்பூ மாதிரி! காது கேக்காது போலிருக்கு. அதான் யாரோ விட்டுட்டுப் போயிட்டாங்க" என்றார்.

ராஜபாளையம் நாயைப் பற்றி நேயர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நீண்ட கால், ஒட்டிய வயிறு, பால் போன்ற குட்டை ரோமம். காட்டுப் பன்றியை எதிர்த்து நிற்கிற தைரியம். பாளையக்காரர் நாய் என்றும் அதற்கு ஒரு பெயருண்டு. 2005-ஆம் வருஷம் இந்திய தபால் இலாகா நம் நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது இதற்கும் இடம் கிடைத்தது. ஆனாலும் நம்மவர்களில் பலருக்கு அல்சேஷனும் லாப்ரடாரும்தான் நாயாகத் தெரிகின்றன. குளிர்ப் பிரதேசத்துச் சீமை நாய்களைக் கொண்டுவந்து, நம் சித்திரை வெயிலில் மூச்சு வாங்க வைத்து, அதற்காக மின்விசிறி போடுகிறார்கள். போகட்டும், அது வேறு கதை.

இந்த ஜாதியில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பது புதிதல்ல என்று கால்நடை வைத்தியர் எனக்கு ஒரு காகிதத்தில் படம் போட்டு விளக்கினார். தோலுக்கு நிறம் கொடுக்கிற அணுக்கள் உட்செவியிலும் இருக்க வேண்டுமாம். அவை அங்கே இல்லாமற் போனால், ஒலியை உணரும் பகுதி பிறந்த சில வாரங்களுக்குள் நசித்துவிடுகிறது. புள்ளி போட்ட டால்மேஷியன் நாய்களுக்கும் இதே குறை உண்டு. தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் இருக்கிற வரையில் ஒன்றும் தெரியாது. மற்றவை எழுந்தால் இதுவும் எழும், மற்றவை ஓடினால் இதுவும் ஓடும். தனியே பிரித்த பிறகுதான் வெளிச்சமாகும். மாசு மறுவில்லாத வெள்ளை வேண்டுமென்று மனிதன் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்தான். அதற்கு நாய் தன் காதை விலையாகக் கொடுத்தது.

கூட்டத்தோடு சேர்ந்து எழுவது, கூட்டத்தோடு சேர்ந்து ஓடுவது என்று அவர் எழுதிக் காட்டியபோது எனக்கு அந்தக் கல்யாண வீடு ஞாபகம் வந்தது.

குட்டிக்கு வெள்ளையன் என்று பெயரிட்டேன். கூப்பிட்டால் கேட்காத நாய்க்குப் பெயர் எதற்கு என்று சிலர் கேட்டார்கள். தேச பக்தரான ஒரு பழைய சிநேகிதர், "1947-ல் எவ்வளவு கஷ்டப்பட்டு அனுப்பினோம்; நீர் திரும்பவும் வீட்டுக்குள் அழைத்து வந்துவிட்டீரே!" என்றார்.

அதற்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதற்கு நான் 34 வருஷ அனுபவம் அனைத்தையும் மறக்க வேண்டியிருந்தது. அதட்டலுக்கு இங்கே வேலையில்லை. உள்ளங்கையைக் காட்டினால் நில், விரலைத் தாழ்த்தினால் உட்கார், இரு கையையும் மார்புக்கு இழுத்தால் வா. தூரத்தில் இருந்தால் தரையைக் காலால் தட்ட வேண்டும். அந்த அதிர்ச்சி அதன் பாதங்களுக்கு எட்டிவிடும். இருட்டில் டார்ச் விளக்கைச் சிமிட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் முதலில், அதன் முகத்துக்கு எதிரே போய் நிற்க வேண்டும். முகம் தெரியாவிட்டால் பேச்சில்லை. ஆறு மாதத்தில் நாங்கள் இருவரும் ஒரு பாஷை பேசினோம். என் முகத்தை அவ்வளவு உன்னிப்பாய்க் கவனித்த மாணவன் எனக்கு வாய்த்ததில்லை.

ஒரு தப்புச் செய்தேன். ஒரு நாள் மத்தியான்னம் அது அயர்ந்து தூங்குகையில், தரையைத் தட்டாமல் பின்பக்கமாகப் போய்த் தடவிக் கொடுத்தேன். திடுக்கிட்டு விழித்துக் கடித்துவிட்டது. அடுத்த விநாடியே யாரென்று தெரிந்துகொண்டு, கட்டிலுக்கடியில் போய்ப் பதுங்கிக்கொண்டது. சாயங்காலம் வரையில் வெளியே வரவில்லை.

வளர்த்த நாய், தடுப்பூசி போட்ட நாய் என்றாலும் கடி கடிதான். கால் மணி நேரம் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். எங்கள் பால்யத்தில் நாய் கடித்தவனுக்குத் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று சொல்லிப் பயமுறுத்துவார்கள். இப்போது தோளில் சில ஊசிகளோடு சரி. பாஸ்டர் என்ற பிரெஞ்சுக்கார மேதை 1885-ல் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாகப் போட்ட ஊசியின் வாரிசு இது. அந்தச் சரித்திரத்தையெல்லாம் அசை போட்டுக்கொண்டு பெஞ்சியில் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராய் உள்ளே போய்த் திரும்பினார்கள். கடைசியில் கூடமே காலியாயிற்று.

இளம் டாக்டரம்மாள் ஒருத்தி வெளியே வந்து என் எதிரில் குனிந்தாள். என் முகத்துக்கு நேராக, நிதானமாகக் கேட்டாள்: "மூன்று தடவை உங்கள் பெயரைக் கூப்பிட்டோம் ஐயா. எத்தனை நாளாய்க் காது கேட்கவில்லை?"

சிரிப்பதா, "அடடா!" என்பதா? என் உபாயங்கள் இரண்டும் அங்கே பலிக்கவில்லை. "ஏழு வருஷமாய்" என்றேன்.

அந்த 'மூன்று தடவை' என்ற வார்த்தை என்னை வேறு எங்கோ கொண்டுபோய்விட்டது. என் மனைவி படுக்கையாய்க் கிடந்த கடைசி மாதத்தில் ஒரு நாள் காலை, "ராத்திரி மூன்று தரம் கூப்பிட்டேன், ஒரு வாய்த் தண்ணீருக்கு. அசந்து தூங்கிவிட்டீர்களாக்கும்" என்றாள். கோபமாய்ச் சொல்லவில்லை. நான் தூங்கவில்லை. அடுத்த அறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு புஸ்தகம் படித்துக்கொண்டிருந்தேன். "ஆமாம், அசந்துவிட்டேன்" என்றேன். அவளுக்குத் தெரிந்துதான் இருக்கும். விளக்கு வெளிச்சம் அவள் கட்டில் வரையில் விழும்.

இதை நான் என் பெண்ணிடம்கூடச் சொன்னதில்லை. அன்றிரவு சொன்னேன். டெலிபோனில் அவள் அழுதது எனக்குக் கேட்கவில்லை. அந்த வாரம் நேரில் வந்தபோது கண்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அவளே மதுரைக்கு அழைத்துப் போய்க் காதுக்குக் கருவி வாங்கிக் கொடுத்தாள். முதுமையில் கீச்சென்ற ஒலிகள்தான் முதலில் மறையுமாம். உயிரெழுத்தின் ஓசை கனமாகையால் காதில் விழுந்துவிடும். க, ச, த, ப எல்லாம் நழுவிப் போய்விடும். வல்லினம் என்று இலக்கணத்தில் பெயர் வாங்கியிருக்கிறதே ஒழிய, கிழவன் காதுக்கு அதைப்போல் மெல்லினம் வேறில்லை. தேர் பேரானது இப்படித்தான். அடுத்த ஆடிப்பூரத்துக்கு அந்த ராஜபாளையத்துப் பெரியவரைக் குடும்பத்தோடு வரவழைத்து, எங்கள் வீட்டிலேயே தங்க வைத்துத் தேர் காட்டினேன். "ஐயா, என் முகத்தைப் பார்த்துப் பேச வேணும்" என்று வாசலிலேயே சொல்லிவிட்டேன். அவருக்கும் இடது காது சரியில்லை என்பது அப்புறம் வெளிவந்தது.

கருவி எல்லாவற்றையும் சரி செய்துவிடவில்லை. மிக்ஸி சத்தம் தலையைப் பிளக்கிறது. கூட்டத்தில் பேச்சு இன்னும் குழம்புகிறது. ஆனால், வெள்ளையன் நடந்தால் தரையில் அதன் நகம் படுகிற சத்தம் கேட்கிறது. அப்படி ஒரு சத்தம் உண்டென்பது எனக்குத் தெரியாது, அதற்கும் தெரியாது.

ராத்திரி படுக்கும்போது கருவியைக் கழற்றி வைத்துவிடுகிறேன். அதன் பிறகு வீட்டில் இரண்டு பேருக்கும் ஒன்றும் கேட்காது. விடியற்காலையில் பால்காரர் கதவைத் தட்டுவதை விட்டுவிட்டார். ஜன்னல் வழியாக டார்ச் விளக்கை இரண்டு தரம் சிமிட்டுகிறார். வெள்ளையன் எழுந்து வந்து என் கையை மூக்கால் தள்ளுகிறது. நான் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போகிறேன்.